நாதசுரக் குழுவுக்கு எந்தச் சட்ட வடிவம் பொருந்தும்?

கும்பகோணம் பகுதியில் திருவிழாக்களுக்கும் முகூர்த்தங்களுக்கும் வாசிக்கும் ஐவர் கொண்ட உங்கள் குழு, ஒருவர் பெயரிலேயே இயங்குவதை விட்டு எந்தச் சட்ட வடிவத்துக்கு மாறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தில், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்த கூட்டாண்மை நிறுவனமே போதுமானது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், பேசிய தொகையைத் தர மறுப்பவர்மீது ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர முடியாதபடி 69ஆம் பிரிவு தடுப்பதால், அச்சாரம் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை நம்பிக்கையில் விடும் இத்தொழிலில் பதிவைத் தவிர்க்கவே கூடாது.

கூட்டாண்மைப் பத்திரத்துக்குத்தான் முழுக் கவனமும் தேவை. பங்கு விகிதம் குறித்து உங்களுக்குள் உடன்பாடு இல்லாவிட்டால் சட்டம் அனைவருக்கும் சமபங்கு என்றே கொள்ளும். முதன்மை நாதசுரத்துக்கும் தாளத்துக்கும் ஒரே பங்கு என்பது அநேகமாக உங்கள் வழக்கமாக இருக்காது. தாளக்காரர் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுபவரானால், அவரைக் கூட்டாளியாக்காமல் ஊதியத்துக்கு அமர்த்துவதே அவருக்கும் பாதுகாப்பு. ஏனெனில் நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளி ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். ஒருவர் மறைந்தாலும் நிறுவனம் தொடரும் என்ற வாசகத்தையும் சேருங்கள். இல்லையேல் 42ஆம் பிரிவின்படி அது கலைந்துவிடும்.

வேன், ஒலிபெருக்கி என்று பெருங்கடன் வாங்குவதானால் மட்டும், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் வரம்புறு பொறுப்புக் கூட்டாண்மையை (LLP) எண்ணிப் பாருங்கள். அதில் நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாகாது. ஆனால் அதற்கு ஆண்டுதோறும் கணக்கறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். வங்கி உங்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கேட்டால் அந்த வரம்பின் பாதுகாப்பும் குறையும்.