மனையா, ஃப்ளாட்டா: எதில் புகை குறைவு?

கேள்வி: எனக்கு கிண்டியில் வேலை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து 5 கி.மீ. உள்ளே தள்ளி ஒரு மனை பார்த்திருக்கிறோம். வீடு கட்டி, மாடியில் சோலார் போட்டு, எலெக்ட்ரிக் கார் வாங்கிவிடலாம் என்று திட்டம். அதே பணத்துக்கு குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் சின்ன ஃப்ளாட் வரும். சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?

பதில்: ஃப்ளாட்தான்.

அந்த மனையிலிருந்து கிண்டிக்குப் போக வர 60 கி.மீ.க்குக் குறையாது. வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 15,000 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் 1,000 லிட்டர். அதிலிருந்து ஏறத்தாழ 2.3 டன் கரியமில வாயு. எலெக்ட்ரிக் காருக்கு அதே தூரத்துக்கு 2,100 யூனிட் போலத் தேவை. வெயில் அடிக்கும் நேரத்தில் உங்கள் கார் கிண்டி பார்க்கிங்கில் நிற்கும், இரவில் வீட்டுக்கு வந்துதான் சார்ஜ் ஏறும். அது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். கணக்குப் போட்டால் ஒன்றரை டன் வருகிறது. பகலில் சோலார் அதை ஈடுகட்டும் என்பீர்கள். சரி, ஆனால் அந்தச் சோலார் எந்த மாடியில் இருந்தாலும் அவ்வளவு கரியை மிச்சப்படுத்தும். இங்கே மிச்சமாவதைக் கார் தின்றுவிடுகிறது.

ஆபீஸ் பயணம் பாதிக் கதைதான். கொத்தமல்லி வாங்க ஒரு ஸ்கூட்டர், டியூஷனுக்கு ஒரு தடவை, பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் இன்னொரு பைக். நடந்துபோக எதுவும் இல்லாத இடத்தில் இதெல்லாம் தானாக வந்து சேரும்.

சென்னை பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓட ஆரம்பித்தது. அந்தத் தடத்தில் ஸ்டேஷனைச் சுற்றியே ஊர் அடர்ந்தது. மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. வீடு திரும்பும் வழியிலேயே கடை வேலை முடிந்துவிடும். இதற்கு நேர்மாறு, தூண்கள் மேல் ஓடும் நம் பறக்கும் ரயில். பிரம்மாண்டமான ஸ்டேஷன்கள், அக்கம்பக்கத்திலிருந்து நடந்து போய்ச் சேர்வதுதான் பாடு. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது, தண்டவாளம் பக்கத்திலேயே ஓடியும் அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. நிலத்தை ஒரு துறையும் போக்குவரத்தை இன்னொரு துறையும் தனித்தனியாகப் பார்த்தால் இப்படித்தான். இவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவரத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இலேயே சட்டம் போட்டார்கள்.

தனி வீடுதான் வேண்டும் என்றால் கூடுவாஞ்சேரியிலேயே ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் தேடிப் பாருங்கள். ஊர் தள்ளியிருப்பது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, ரயில் கொண்டுவந்து விட்டுவிடும். காரை வாங்கவைப்பது அந்தக் கடைசி 5 கி.மீ.தான். ஸ்டேஷன் வரைக்கும் காரை எடுத்தவர் அப்படியே கிண்டிப் பக்கம் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் ஏறிவிடுவார்.

ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஒரு வேலை நாள் மாலை 7 மணிக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து பாருங்கள். 'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்' என்று விளம்பரம் சொல்வது காலி ரோட்டில் பைக்கில் போகும் 5 நிமிடம். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், ஜிஎஸ்டி ரோட்டை எங்கே கடப்பது, தெருவிளக்கு எரிகிறதா, நடைபாதை இருக்கிறதா என்று பாருங்கள். குரோம்பேட்டையிலிருந்து கிண்டி ஆறாவது ஸ்டேஷன். இந்த நடை சரியாக இருந்தால் காரை மறந்துவிடலாம்.

சோலார் ஆசையை விட வேண்டாம். மொட்டை மாடி உரிமை எல்லா வீட்டுக்கும் பொதுவா, பில்டர் தன் பெயரில் வைத்துக்கொள்கிறாரா என்று பத்திரத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.