ராபிக்கு என்ன உறவு?

வணக்கம் சார்,

நீங்கள் ஒரு கட்டுரையில் சொல்லியிருந்ததால் 'தி பிட்' தொடரின் முதல் சீசனைப் பார்த்தேன். பதினைந்து அத்தியாயங்களையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள், கடைசி அத்தியாயத்தில் ஏமாந்துபோனேன். அவ்வளவு பெரிய துப்பாக்கிச்சூடு, அவ்வளவு சாவு. அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பூங்காவில் உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள். ராபியையும் ஜேக்கையும் நாலு வார்த்தை பேசவிட்டிருக்கக் கூடாதா? அந்தப் பையனை இவர்தானே வளர்த்தார்? தலைமை நர்ஸ் டேனாவும் தன் இடத்தில் ஒட்டிவைத்திருந்த படங்களை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். துக்கத்தை இவ்வளவு காட்டிவிட்டு ஆறுதலைக் காட்டாமல் விடுவது பார்ப்பவர்களை வதைப்பது இல்லையா?

இதைக் கேட்க எனக்கு வேறொரு காரணமும் உண்டு. என் அக்கா இறந்தபிறகு அவள் மகனை நான்தான் வளர்த்தேன். அத்தான் மறுமணம் செய்துகொண்டு அவனை அழைத்துப் போனார். இப்போது காலேஜில் படிக்கிறான். நடுவில் ஒரு சண்டை, அதிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. போன வருடம் என் அப்பா தவறியபோது வந்திருந்தான். பந்தலில் என்னைத் தாண்டித்தான் போனான், நிற்கவில்லை. ஜேக்கின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு இவன் முகம்தான் தெரிந்தது.

அன்புடன்,
ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

தொடரைப் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், முடிவு வரை பேசப்போகிறேன்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு. காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணி வரை ஒரே நாள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு அத்தியாயம். பிரிவின் மூத்த மருத்துவர் மைக்கேல் ராபினாவிச், எல்லோருக்கும் ராபி. நோவா வைல் நடித்திருக்கிறார். ராபியின் ஆசிரியரான டாக்டர் ஆடம்சன் கோவிட் காலத்தில் இதே மருத்துவமனையில் இறந்துபோன தேதி அது. வழக்கமாக அன்று லீவு போடுகிறவர் இந்த வருடம் வேலைக்கு வந்துவிடுகிறார். ஜேக் அவருடைய முன்னாள் காதலியின் மகன். ராபி கொடுத்த டிக்கெட்டில் தன் காதலி லியாவைக் கூட்டிக்கொண்டு இசை விழாவுக்குப் போகிறான். அங்கே ஒருவன் கூட்டத்தை நோக்கிச் சுடுகிறான். ஜேக்குக்குக் காலில் குண்டு. லியா பிழைக்கவில்லை. நீங்கள் ஏமாந்துபோன கடைசி அத்தியாயம் 2025 ஏப்ரல் 10 அன்று வெளியானது.

நீங்கள் சொல்வதுபோல ஜேக்கை ராபிதான் வளர்த்தார் என்று சொல்லிவிட முடியாது. அவன் அம்மாவோடு இருந்த காலத்தில் அப்பா மாதிரி இருந்தார். அவர்கள் பிரிந்த பிறகும் பையனை விட்டுவிடவில்லை. ஆனால் எந்தப் படிவத்திலும் ராபியின் பெயர் இருக்காது. முறை வைத்துச் சொன்னால் அவர் அவனுக்கு யாருமில்லை. இந்த சீசனின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அன்று காலையிலிருந்து ராபி செய்யும் வேலையில் பாதி, துக்கப்பட உரிமை உள்ளவர்களுக்கு இடம் ஏற்படுத்திக் கொடுப்பது. முதியவர் ஸ்பென்சரை நினைத்துப் பாருங்கள். கருவி வைத்து உயிரை இழுத்துப்பிடிக்க வேண்டாம் என்று எழுதிவைத்தவர். மகளுக்கு மனம் வரவில்லை, குழாய் போடச் சொல்கிறாள். அப்பா எழுதிவைத்ததற்கு மாறாக நடக்கிறோம் என்று தெரிந்தும் பிள்ளைகளால் விடமுடியவில்லை. ராபி எடுத்துச் சொல்கிறார், பிறகு காத்திருக்கிறார். நிக் என்ற கல்லூரி மாணவனின் பெற்றோரும் அப்படித்தான். பையன் சாப்பிட்ட மாத்திரையில் ஃபென்டனில் என்ற கடும் போதை மருந்து கலந்திருந்தது, மூளைச்சாவு. அதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. செயற்கை சுவாசத்தை நிறுத்திவிட்டு, ஆக்சிஜனை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தாலும் நெஞ்சு தானாக ஒரு மூச்சு இழுத்துவிடும். இழுக்கவில்லை என்றால் எல்லாம் முடிந்தது. பெற்றவர்கள் அதை நம்பும்வரை அந்த மருத்துவமனை அவர்களோடு சேர்ந்து நின்றுகொண்டிருக்கிறது. கடைசியில் உறுப்பு தானத்துக்காக அவனை அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும்போது வேலையைப் போட்டுவிட்டு வந்து வராந்தாவின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிறார்கள். அங்கே பல மருத்துவமனைகளில் உண்மையிலேயே இருக்கும் வழக்கம் இது.

ஸ்பென்சரின் பிள்ளைகளுக்கு ராபி நான்கு வாக்கியங்கள் சொல்லிக்கொடுப்பார். ஹவாய் தீவுகளின் பழைய மரபிலிருந்து வந்தது, தன் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டேன் என்பார். உங்கள் மேல் எனக்குப் பிரியம். நன்றி. உங்களை மன்னித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். பிள்ளைகள் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அந்தக் காட்சியை இரண்டாவது முறை பார்க்கும்போது நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, ராபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்தவரையே அவர் பறிகொடுத்த நாள் அது. விடைபெறுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் மனிதர் தன் ஆசிரியருக்கு இன்னும் விடை கொடுக்கவில்லை. மாணவர் என்பவருக்குச் சாவு வீட்டில் என்ன இடம்? அதுவும் பிளாஸ்டிக் உறைகளுக்குள் நின்றபடி அடுத்த நோயாளியைப் பார்க்கவேண்டிய மாணவருக்கு?

அப்புறம் லியா. கூட்டம் கூட்டமாகக் காயம்பட்டவர்கள் வரும்போது, பிழைக்க வாய்ப்பில்லாதவரை ஓரமாக வைத்துவிட்டுப் பிழைக்கக்கூடியவரைப் பார்ப்பதுதான் நெறி. அன்று மாலை அந்த நெறியைப் பிரிவு முழுக்க நடத்திக்கொண்டிருப்பவரே ராபிதான். ரத்தம் போதவில்லை. இரவுப் பணி டாக்டர் அபட் தன் ரத்தத்தை இறக்கும் பையைக் காலில் கட்டிக்கொண்டே வேலை செய்கிறார். அந்தத் தட்டுப்பாட்டில் ராபி லியாவுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கிறார். சுற்றி நிற்பவர்களுக்கு முடிந்துவிட்டது என்று தெரிகிறது. அவருக்கும் தெரியும். விடமுடியவில்லை. காலையில் ஸ்பென்சரின் மகள் நின்ற அதே இடத்தில் இப்போது அவர் நிற்கிறார், ஆனால் மகளுக்கு இருந்த உரிமை இவருக்கு இல்லை.

குழந்தைகள் பிரிவு அறையைத்தான் பிணவறையாக மாற்றியிருக்கிறார்கள். சுவரெல்லாம் விலங்குகளின் படங்கள். அங்கே ஜேக்கை அழைத்துப் போகிறார். ஏன் காப்பாற்றவில்லை என்று அவன் கேட்கிறான். வேறு யாராவது இருந்தால் காப்பாற்றியிருப்பீர்களா என்கிறான். அப்போது ராபி சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது: லியாவை நீ மறந்த பிறகும் நான் அவளை நினைத்துக்கொண்டிருப்பேன். பதினேழு வயதுப் பையனிடம், அவன் காதலியின் உடம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய வார்த்தையா அது? கொடுமையான வார்த்தை. எனக்கும் இந்தத் துக்கத்தில் பங்கு உண்டு என்று உறவு இல்லாத ஒரு மனிதர் கேட்கிறார், உலகத்திலேயே கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கிறார். யோசித்தால் ஜேக்குக்கும் அங்கே முறை கிடையாது. லியாவைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவன் வெறும் காதலன். உரிமை இல்லாத இரண்டு பேர் ஒரே உடம்பின் முன்னால் மோதிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ராபி தரையில் சரிகிறார். விட்டேக்கர் என்ற மாணவன் வந்து பார்க்கும்போது கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி யூதர்களின் ஷெமா பிரார்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

இது நடப்பது ராத்திரி எட்டு மணி வாக்கில். தொடர் முடிவது பத்து மணிக்கு. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவர்களை உட்காரவைத்துப் பேசச் செய்திருந்தால் நான் தொலைக்காட்சியை அணைத்திருப்பேன். மணிக்கணக்கில் கதை சொல்வோம் என்று முதல் அத்தியாயத்தில் கொடுத்த வாக்கை அவர்கள் கடைசி வரை காப்பாற்றினார்கள்.

ஆனால் கடைசி அத்தியாயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். தட்டம்மை முற்றிய பையன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? தடுப்பூசி போடாதவன். முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்க அம்மா சம்மதிக்கவில்லை. ராபி அப்பாவை மட்டும் தனியாக அழைத்துப் போகிறார். எங்கே? அதே அறைக்கு. வரிசையாகக் கிடக்கும் உடல்களைக் காட்டுகிறார். சற்றுமுன் தான் உடைந்து விழுந்த இடத்துக்கு அவரே திரும்பிப் போகிறார், இறந்தவர்களைக் காட்டி உயிரோடு இருப்பவனுக்காக மன்றாடுகிறார். மருத்துவராக அது தவறு. அங்கே கிடப்பவர்களின் பெற்றோர் சம்மதித்திருப்பார்களா? இருந்தாலும் அந்த நிமிடத்தில் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். இன்னொருவரின் மகனுக்காக உரிமை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதராக அவர் எனக்குத் தெரிந்தார்.

சீசனில் எனக்குப் பிடிக்காதது ராபி ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பேசும் பேச்சு. வீட்டுக்குப் போய் அழுங்கள், அழுகை என்பது உடம்பிலிருந்து துக்கம் வெளியேறுவதுதான் என்கிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை.

இதே நோவா வைல் 'ஈஆர்' தொடரில் இளம் டாக்டர் கார்ட்டராக வந்தவர். 2002இல் அதில் டாக்டர் கிரீன் மூளைக்கட்டியால் இறப்பார். அவர் அனுப்பிய கடிதத்தைக் கார்ட்டர்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். அடுத்த அத்தியாயம் முழுவதும் ஹவாயில், மனைவி மகள்களோடு கிரீனின் கடைசி நாட்கள். கடற்கரை, பேச வேண்டியதைப் பேசித் தீர்க்க அவகாசம், எல்லாம் கிடைத்தது அவருக்கு. நீங்கள் கேட்கும் ஆறுதல் அதில் நிறைய இருக்கிறது, நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. 'தி பிட்' அதே ஆட்கள் சிலர் சேர்ந்து எடுத்தது, ஜான் வெல்ஸ் இரண்டிலும் இருக்கிறார். இந்த முறை அவகாசமே கிடைக்காதவர்களைப் பற்றி எடுத்திருக்கிறார்கள்.

கிடைப்பதெல்லாம் மொட்டை மாடி. முதல் அத்தியாயத்தில் விளிம்புக்கு அந்தப் பக்கம் அபட் நிற்பார், ராபி போய்ப் பேசுவார். கடைசியில் ராபி நிற்கிறார், அபட் வருகிறார். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்வதில்லை. இந்த வேலை நம் ரத்தத்திலேயே இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார், கூடவே நிற்கிறார். பூங்காவில் அவர் கால்சட்டையை விலக்கிச் செயற்கைக் காலைக் கழற்றும்போதுதான் நமக்குத் தெரிகிறது, இந்த மனிதரும் ஒன்றை இழந்துவிட்டு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்திருக்கிறார். யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. பீரைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு அது குடும்பமாகத்தான் பட்டது. சாண்டோஸ் என்ற இளம் டாக்டர், போக்கிடம் இல்லாமல் ஆஸ்பத்திரியிலேயே தூங்கும் விட்டேக்கருக்குத் தன் வீட்டில் ஒரு அறை தருகிறாள். இன்னொரு இளம் டாக்டரான மெல் தன் சகோதரியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

இனி உங்கள் அக்கா மகன். தாத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்க அவனைக் கூப்பிட்டிருப்பார்கள், பேரன் என்ற முறை இருக்கிறது. உங்களுக்கும் மகள் என்ற முறை இருந்தது. ஆனால் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யார் என்பதற்கு அந்தப் பந்தலில் இடமே இல்லை. அவன் உங்களைத் தாண்டிப் போனதை வெறுப்பு என்று படிக்காதீர்கள். நின்றிருந்தால் என்னவென்று கூப்பிட்டு அழுவது என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவனை வளர்த்தவர் நீங்கள், அதைச் சொல்லிக்காட்டும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ராபி அந்த உரிமையைத் தப்பான நேரத்தில் எடுத்துக்கொண்டார். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, பந்தலில் பேசாமல் இருந்தீர்கள், அது நல்லது. ஆனால் ஒரு வருடம் ஆகிவிட்டது. சண்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸப் வேண்டாம், அதில் பார்த்தானா இல்லையா என்று நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். தபாலில் போடுங்கள். அம்மாவைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஏதாவது உங்களிடம் இருக்கும், அதை எழுதுங்கள். அதைச் சொல்ல உங்களைவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

டேனா விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 2026 ஜனவரியில் வந்த இரண்டாவது சீசனில், பத்து மாதம் கழித்து, ஜூலை 4 அன்று, அவர் வேலையில் இருக்கிறார். அந்த வேடத்துக்காக கேத்ரின் லனாசாவுக்கு 2025இல் எம்மி விருது கிடைத்தது, வைலுக்கும் தொடருக்கும் கிடைத்த அதே மேடையில். காத்திருப்பில் கடுப்பான ஒரு நோயாளியிடம் முகத்தில் குத்து வாங்கிய பிறகும் அவர் பணி முடியும்வரை நின்றார். அதன் பிறகு படங்களைக் கழற்றினால் கழற்றட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணோரம் கன்றிப்போன முகத்தோடு அவர் ஒவ்வொரு படமாக எடுப்பதை இன்னொரு முறை பாருங்கள், எதையும் கிழிக்கவில்லை.

அன்புடன்.