கையைத் தூக்கினால் ஏறும் கல்யாண ஜாக்கெட்

கேள்வி: அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான் முகூர்த்தப் பட்டுக்கு ஜாக்கெட் வெட்டுகிறேன். போட்டால் கச்சிதமாக இருக்கிறது. கையைத் தூக்கினால் மொத்தமும் மேலே ஏறுகிறது. ஏன்?
- தையல்கடை வாசகி, திருமங்கலம்

பதில்: கைக்குழியை ஆழமாக வெட்டியிருப்பீர்கள். அக்குளில் இறுக்குகிறது என்று சொன்னதும் குழியை இன்னும் தோண்டுவதுதான் பலர் செய்யும் தவறு. குழி இறங்க இறங்க, கை பக்கத் தையலையும் சேர்த்து இழுக்கும். அக்குளுக்குக் கீழே அரை இஞ்ச் போதும். வெட்டிவிட்ட ஜாக்கெட் என்றால், மிச்சத் துணியில் 2 இஞ்ச் சதுரத் துண்டை மூலைவாட்டில் அக்குளில் வைத்துத் தையுங்கள். சேலை மறைத்துவிடும்.

அளவு ஜாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். துவைத்துத் துவைத்துத் தளர்ந்திருக்கும். முகூர்த்தத்தன்று போடப்போகும் உள்ளாடையோடு உடம்பில் அளவெடுங்கள். மார்புச் சுற்றளவுக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச் லூஸ் வேண்டும். பருத்தி லைனிங்கை ராத்திரியே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள். இல்லாவிட்டால் பிறகு நனையும்போது லைனிங் மட்டும் சுருங்கி, பட்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

பிறகு பிரித்துப் பெரிதாக்க, பக்கத்துக்கு ஒரு இஞ்ச் துணியைத் தையலுக்கு உள்ளே விடுங்கள். ஆரி வேலை (கொக்கி ஊசி எம்பிராய்டரி) இருந்தால் பக்கத் தையல் ஓரத்தில் அதை நிறுத்திவிடுவது நல்லது, தையலுக்குள் போய்விட்டால் பிறகு பிரிக்க முடியாது. முதலில் கையால் தற்காலிக நூலோட்டம் போட்டு, மாலை மாற்றுவதுபோல் இரு கைகளையும் உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். மிஷின் தையல் அதற்குப் பிறகுதான்.