அப்ரைட் பியானோ யார் கண்டுபிடிப்பு?

கேள்வி: அப்ரைட் பியானோவை (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் பியானோ) 1800-இல் அமெரிக்காவில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார் என்று படித்தேன். நண்பரோ இத்தாலியில் 1739-லேயே இருந்தது என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் பக்கம்தான் நியாயம் அதிகம். ஹாக்கின்ஸ் பிலடெல்பியாவில் காப்புரிமை வாங்கியது உண்மை, முதல் ஆள் என்பதுதான் இடிக்கிறது. இத்தாலியில் டொமெனிகோ டெல் மேலா 1739-இல் செய்த நிமிர்ந்த பியானோ இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஜெர்மனியில் ஃபிரீடரிசி பிரமிடு வடிவில் ஒன்று செய்தார், லண்டனில் வில்லியம் ஸ்டோடார்ட் புத்தக அலமாரி வடிவத்துக்கு 1795-லேயே காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆக, காப்புரிமையில்கூட ஹாக்கின்ஸ் முதல் ஆள் இல்லை.

ஆனாலும் அவரை ஒதுக்கிவிட முடியாது. முந்தையவர்கள் கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவைத் தூக்கி ஒரு மேடைமேல் நிமிர்த்தி வைத்தார்கள், அவ்வளவுதான். கம்பிகள், விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகளின் மட்டத்தில் தொடங்கி மேலே போனதால் பெட்டி ஆள் உயரத்தையும் தாண்டி நின்றது. ஹாக்கின்ஸ் கம்பிகளைத் தரை வரைக்கும் கீழே இறக்கினார், உயரம் சட்டென்று குறைந்தது. அதே 1800-இல் வியன்னாவில் மத்தியாஸ் முல்லரும் இதையே செய்தார் என்பது வேறு கதை. ஹாக்கின்ஸின் பியானோவில் இரும்புச் சட்டங்கள், மடக்கி வைக்கக்கூடிய கட்டை வரிசை என்று புதுமைகள் நிறைய. பின்னர் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன்கூட ஒன்று வாங்கினார். சுருதி நிற்கவே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்!

அப்புறம் இன்னொரு சிக்கல். கிராண்ட் பியானோவில் சுத்தியல் கம்பியைக் கீழிருந்து தட்டிவிட்டுத் தன் எடையாலேயே விழுந்துவிடும், அப்ரைட்டில் பக்கவாட்டில் அடிப்பதால் அதை ஏதாவது ஒன்று பின்னால் இழுத்தாக வேண்டும், இல்லையென்றால் அதே சுரத்தை வேகமாகத் திரும்ப வாசிக்க முடியாது. லண்டனின் ராபர்ட் வோர்னம் 1811 முதல் சிறிய அப்ரைட்டுகளைச் செய்துகொண்டே இதோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு நாடாவைக் கட்டிச் சுத்தியலை இழுக்கும் முறைக்கு 1842-இல் காப்புரிமை வாங்கினார். என்னைக் கேட்டால் வாசிப்பவர்கள் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது இவருக்குத்தான். இன்றைய அப்ரைட்டின் முன்பலகையைக் கழற்றினால் சுத்தியல்களுக்குக் கீழே வரிசையாகத் தெரிகிற சின்னச் சின்ன நாடாக்கள் அந்த வழியில் வந்தவை.