பிள்ளை சாப்பிட மாட்டேங்கிறதா, ஓட மாட்டேங்கிறதா? மிஸ்ஸியிடம் கேளுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தாய்சேய் கிளினிக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பட்டணத்தில் இன்னும் எல்லாரும் மிஸ்ஸி (நர்ஸ்) என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1 வயதிலிருந்து 6 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். காய்ச்சல், சொறி, மருந்து அளவு எல்லாம் டாக்டரிடம். கேட்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பால் பாட்டிலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

3 வயது மகளின் தாய்: மிஸ்ஸி, என் மகளுக்குச் சோறு, கிச்சாப் (சோயா சாஸ்), முட்டை, இவ்வளவுதான். காய் என்றால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். என்ன செய்வது?

3 வயதில் புதுச் சாப்பாட்டைக் கண்டு மிரளாத பிள்ளை குறைவு. 2 வயது வாக்கில் தொடங்கி, பள்ளிக்குப் போகும் வயதில்தான் மெல்ல விலகும். உங்கள் சமையலிலும் குறை இல்லை, பிள்ளையிடமும் குறை இல்லை.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் ஒரு பங்கீடு சொல்லியிருக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்கிறோம், அது கெரோப்போக் (மீன் அப்பளம்) என்கிறது. எத்தனை வாய் என்பதை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆக, தட்டில் அவளுக்குப் பழகிய சோறும் முட்டையும் இருக்கட்டும். பக்கத்தில் நீங்கள் சாப்பிடும் காயில் ஒரே ஒரு துண்டு, கட்டைவிரல் நகம் அளவு. "சாப்பிடு" என்று சொல்லவே வேண்டாம். அவள் கண் முன்னால் நீங்கள் சாப்பிடுங்கள். தொட்டால் சரி, தள்ளினாலும் சரி, இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். ஒரு காய் வாய்க்குள் போவதற்கு 8, 10 தடவை, சில பிள்ளைகளுக்கு 15 தடவைகூட ஆகும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

"கீரை சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்ற பேரம் வேண்டாம். கீரை ஒரு தண்டனை, அதைத் தாங்கினால் பரிசு என்று நாமே கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

முருங்கைக் கீரை உருவும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காம்பின் நுனியை ஒரு கையில் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் கீழ்நோக்கி உருவினால் இலை எல்லாம் ஒரே இழுப்பில் கையோடு வரும். 3 வயதுக் கைக்கு அது பெரிய வித்தை. பாதி தரையில் சிந்தும், சிந்தட்டும். பச்சை இலையை மோந்து பார்ப்பாள், ஒன்றை நாக்கில் வைத்துத் துப்புவாள். அதுவும் ஒரு தடவைதான், கணக்கில் சேரும். தான் உருவிய கீரை பருப்பில் மிதப்பதைப் பார்த்துத் தேடி எடுக்கும் பிள்ளைகளை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் பால் குடிக்கிறாள்? 1 வயதுக்கு மேல் சுமார் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் வயிற்றில் சோற்றுக்கு இடமே இருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

பாலர் பள்ளி ஆசிரியை: எங்கள் பள்ளி கடை வீட்டின் மேல்மாடியில். திடல் கிடையாது. 4 வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உடற்பயிற்சி வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி 3, 4 வயதுக்கு நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிடம் உடம்பு அசைய வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓட்டமும் துள்ளலும். 5 வயதிலிருந்து சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் அப்படி வேர்க்க வேண்டும். ஒரே மூச்சில் வேண்டியதில்லை டீச்சர், 10 நிமிடம் 10 நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்குதான்.

மேல்மாடி போதும். தரையில் ஒட்டு நாடாவால் நொண்டிக் கட்டம் போடுங்கள். ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கி, முதலில் கணுக்கால் உயரம், பிறகு முழங்கால் உயரம் பிடியுங்கள். தோட்டத்தில் நாம் எல்லாரும் தாண்டியதுதான். நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து, மேசையைச் சுற்றி, சுவரைத் தொட்டு வருவது ஒரு விளையாட்டு. பாட்டு நின்றதும் சிலையாக நிற்பது இன்னொன்று. தோற்ற பிள்ளையை மட்டும் வெளியே உட்கார வைக்காதீர்கள். எப்போதும் முதலில் தோற்பது மெதுவான பிள்ளை. ஓட வேண்டியதே அந்தப் பிள்ளைதான், அதை மூலையில் உட்கார வைத்தால் என்ன பயன்? சேட்டைக்குத் தண்டனையாகத் தோப்புக்கரணமும் வேண்டாம். உடம்பை அசைப்பது அவமானம் என்று மனதில் பதிந்துவிடும்.

2 வயது பையனின் தாய்: காய் சாப்பிடவே மாட்டேங்கிறான் மிஸ்ஸி.

முதல் பதிலைப் பாருங்கள் தங்கச்சி.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி: ராத்திரி தூங்க டின்பால் போட்ட தேத்தண்ணி பாட்டிலில் கொடுத்தால்தான் அழாமல் தூங்குகிறது. கொஞ்சம் தானே?

கொஞ்சம் இல்லை அம்மா. இனிப்பு டின்பாலில் பாதிக்குக் கிட்டத்தட்ட சர்க்கரை. தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும். அந்த இனிப்பு ராத்திரி முழுக்க முன்பல்லில் தேங்கி நிற்கும். மேல் முன்பல் நாலும் பழுப்பாகி, ஓரம் உடைந்து, 3 வயதில் பல் வலியோடு கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளை நான் மடியில் வைத்திருக்கிறேன். பல் வலித்தால் பிள்ளை கொய்யாவைக் கடிக்காது, காயை மெல்லாது. பிறகு "சாப்பிட மாட்டேங்கிறது" என்பீர்கள். அதோடு, தேயிலைச் சாறு சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தம் குறைந்த பிள்ளைக்குப் பசியும் மந்தம், ஓடவும் தெம்பு இருக்காது.

ஒரு வாரம் அழும், தாங்குங்கள். பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் என்று ஆக்குங்கள், பிறகு கோப்பைக்கு மாற்றுங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் பாட்டிலே தேவையில்லை.

இரவு ஷிப்ட் பார்க்கும் அப்பா: 5 வயது மகன் கைப்பேசியை விட்டு அசைய மாட்டான். பகலில் நான் தூங்க வேண்டும், அவன் அம்மாவும் வேலைக்குப் போகிறாள். உடற்பயிற்சி பழக்குவது எப்படி?

தம்பி, "உடற்பயிற்சி" என்று அவனிடம் சொல்லாதீர்கள். 5 வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அப்பா. எழுந்து குளித்ததும், வேலைக்குக் கிளம்புவதற்கு முன், 20 நிமிடம் பந்து உதையுங்கள். காலணி, ஜெர்சி எதுவும் வாங்க வேண்டாம். ரொட்டி வாங்க மோட்டாரில் போகும் கடைக்கு அவனோடு நடந்து போங்கள், பையை அவன் தூக்கட்டும். 5 மணிக்கு மேல் வெயில் தணியும். ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் கடிப்பதும் சூரியன் இறங்கும் அந்த நேரத்தில்தான், அதனால் நீளக் கால்சட்டையும் கொசு மருந்தும் போடுங்கள். தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு விடாதீர்கள், கொக்கிப்புழு பாதம் வழியாக உள்ளே போகும். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் விளையாட்டு வீட்டுக்குள்ளேதான்.

கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். எப்போது, எவ்வளவு நேரம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் யார் கையிலும் இருக்கக்கூடாது, உங்கள் கையிலும்தான்.

4 வயது மகளின் தாய்: பசி எடுக்கும் டானிக் எது நல்லது?

டாக்டர் எழுதித் தராமல் எதுவும் வேண்டாம். அந்த வகையில் சிலவற்றில் தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து இருக்கிறது. பிள்ளை மயங்கிக் கிடந்தால் ஓடுவது எங்கே?

80 வயதுத் தாத்தா: மிஸ்ஸி, மற்றதெல்லாம் சரி. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் அப்பா மரவள்ளி தின்று பிழைத்தவர். பெரியப்பா சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஒரு பருக்கை சிந்தினால் அம்மா பொறுக்கச் சொல்வார். இந்தக் காலத்துப் பிள்ளை பாதித் தட்டை மிச்சம் வைத்து எழுந்து போகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?

ஐயா, நீங்கள் சொல்வது எங்கள் வீட்டுக் கதையும்தான். பசியைப் பார்த்தவர்கள் சோற்றைக் கும்பிட்டார்கள், அந்த மரியாதை பிள்ளைகளுக்கும் வர வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் மிச்சம் வருவது யாரால்? 4 வயதுப் பிள்ளைக்கு நாம் பெரியவர் அளவுக்குச் சோறு போடுகிறோம். கரண்டி நம் கையில் இருக்கிறது. பிள்ளையின் கைப்பிடி அளவு சோறு போடுங்கள், போதவில்லை என்றால் மறுபடி கேட்கட்டும். "இன்னும் வேணும் தாத்தா" என்று கேட்டு வாங்கும் பிள்ளை வீணாக்காது.

ஒரு தாய்: தாத்தா சொல்வதுதான் சரி. நான் விட்டுவிட்டால் 2 வாயோடு எழுந்துவிடுவான். அப்புறம் அரை மணியில் பிஸ்கட் கேட்பான்.

பிஸ்கட் கொடுப்பது யார் தங்கச்சி? எழுந்தால் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்தது 4 மணிப் பலகாரம்தான், அதுவரை தண்ணீர். இரண்டே நாளில் அவன் வயிறு கற்றுக்கொள்ளும். எப்போது என்பது உங்கள் முடிவு என்று சொன்னது இதற்குத்தான்.

மற்றொரு தாய்: என்னைச் சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊட்டுவார்கள். இன்றைக்கும் பீர்க்கங்காய் வாசம் வந்தால் எனக்குக் குமட்டும். தாத்தா கோபித்துக்கொண்டாலும் சரி, என் பிள்ளைக்கு அப்படிச் செய்ய மாட்டேன்.

தாத்தா: நான் மூக்கைப் பிடிக்கச் சொல்லவில்லை அம்மா. நிலாவைக் காட்டி, கதை சொல்லி ஊட்டுவோம். அதிலுமா தப்பு?

ஐயா, கதை சொல்லுங்கள், உருட்டிக் கையில் கொடுங்கள், அதில் அன்பு இருக்கிறது. நான் பயப்படுவது ஒரு விஷயத்துக்குத்தான். வயிறு நிறைந்தது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். முகத்தைத் திருப்பும், வாயில் அடக்கி வைக்கும். கதை மயக்கத்தில் இன்னும் நாலு வாய் போட்டுப் போட்டுப் பழக்கினால், போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்க அது மறந்துவிடும். உங்கள் அப்பா காலத்தில் கிடைத்தபோது வயிறு முட்டத் தின்றது நியாயம், நாளைக்குக் கிடைக்குமா என்று தெரியாது. இன்று நம் ஆபத்து வேறு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காட்டுக்கு மேல். தோட்டத்திலிருந்து டயாலிசிஸ் வேனில் போகிறவர்களை நீங்களும் பார்க்கிறீர்கள். பேரப்பிள்ளையை அந்த வரிசையில் நிற்கவிடக்கூடாது என்றுதான் இவ்வளவு பேசுகிறேன்.

தாத்தா: சரி மிஸ்ஸி. சின்னக் கரண்டி போடச் சொல்கிறேன். பருக்கை சிந்தினால் பொறுக்கச் சொல்வேன், அதை விட மாட்டேன்.

தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. நீங்களும் கூடக் குனிந்து பொறுக்குங்கள், அப்போதுதான் அது பழகும்.

5 வயது பையனின் தாய்: காய்கறி சாப்பிட வைக்க ஏதாவது வழி?

அம்மா, மூன்றாவது தடவை இந்தக் கேள்வி. மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். காயை அரைத்துத் தெரியாமல் கலப்பது பற்றிக் கேட்க வந்திருந்தால், கலக்கலாம், ஆனால் முழுக் காயும் தட்டில் தெரிய வேண்டும். தெரியாமல் தின்றது பழகாது.

6 வயது மகளின் தாய்: மகள் கொஞ்சம் பருமன். உறவுக்காரர்கள் "குண்டம்மா" என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கு டயட் வைக்கலாமா?

வைக்காதீர்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் எடையும் உயரமும் அளந்து, வளர்ச்சி வளைகோட்டில் எங்கே நிற்கிறாள் என்று கேளுங்கள். பார்வைக்குப் பருமனாகத் தெரியும் பிள்ளை சில சமயம் சரியான எடையில் இருக்கும், மாறாகவும் நடக்கும்.

முதலில் கை வைக்க வேண்டியது குடிக்கும் பொருளில். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பொட்டலத்தில் கட்டித் தரும் சிராப், கடையில் வாங்கும் பெட்டிப் பானம், வீட்டில் டின்பால் ஊற்றிய மைலோ. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து வரி போடுகிறது. பெட்டியைத் திருப்பி அந்த எண்ணைப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர், அவளுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம். தட்டு எல்லாருக்கும் சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செப்பாரோதான் (மலாயில் கால், கால், பாதி): கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதி காயும் பழமும்.

அந்த உறவுக்காரர்களிடம் நீங்களே பேசுங்கள். பிள்ளையின் முன்னால், சத்தமாக, "அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று. கேலிக்குப் பயந்த பிள்ளை திடலுக்கு வராது, ஒளிந்துகொண்டு தின்னும்.

சைவக் குடும்பத்துத் தாய்: மீன், கோழி கிடையாது. சத்து போதுமா?

போதும், கவனித்துச் சமைத்தால். பருப்பு, தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), கடலை, கீரை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய, கஞ்சியாகவோ தோசையாகவோ கொடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ பிறகு ஒரு துண்டு கொய்யாவோ கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம். பாலும் தயிரும்கூட இல்லை என்றால் வைட்டமின் பி12 பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

1 வயதுக் குழந்தையின் தாய்: காய் கொடுத்தால் துப்புகிறது...

முதல் பதில், தங்கச்சி.

இரட்டைப் பிள்ளைகளின் அப்பா: ரம்புத்தான் காலம். 2 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முழுசாகக் கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு தொண்டையை அடைக்கும் அளவு அது. தோலை உரித்து, கொட்டையை நீக்கி, சதையைச் சின்னத் துண்டாக நறுக்குங்கள். லோங்கானும் திராட்சையும் அப்படித்தான். முழுக் கச்சான் (வேர்க்கடலை) 5 வயது வரை வேண்டாம். ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ தின்னக்கூடாது, உட்கார்ந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பழத்தோடு வேறு பானம் வேண்டாம், தண்ணீர் போதும், அதுவும் கோப்பையில்.