கல்லூரியில் கரண்ட்டை மிச்சப்படுத்த எங்கே தொடங்குவது?

கேள்வி: கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்.எஸ்.எஸ். சார்பில் மின்சிக்கன உறுதிமொழி எடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம். பத்தே நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மாணவர்களை எப்படித்தான் சேர்த்துக்கொள்வது?

பதில்: பத்து நாள் தாங்கியதே பெரிது. ஒரு சாப்பாட்டு இடைவேளையில் நாலு பேர் தாளும் பேனாவுமாகச் சுற்றி வாருங்கள். ஆளில்லாத வகுப்புகளில் எத்தனை ஃபேன் ஓடுகிறது என்று எண்ணுங்கள். பழைய ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். வகுப்புக்கு 6 ஃபேன், 40 வகுப்பு என்றால் 18 கிலோவாட். காலி பெஞ்சுகளுக்குக் காற்று வீச மணிக்கு 18 யூனிட்!

அணைக்காததற்குச் சோம்பல்தான் காரணம் என்று நினைக்கிறோம். பாதிக் காரணம் சுவிட்ச் போர்டு. வரிசையாகப் பத்து சுவிட்ச். எது எந்த ஃபேனுக்கு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும்போது கடைசி பெஞ்சில் இருப்பவன் தலைக்கு மேல் ஓடுவது நின்றுவிடும். "டேய்!" என்று சத்தம் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சுவிட்சுகளுக்கு எண் எழுதுங்கள். எந்த எண் எந்த ஃபேன் என்று சின்னப் படம் வரைந்து பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

அப்புறம் எலக்ட்ரீஷியன் அண்ணன். அவர் துணை இல்லாமல் எதுவும் நடக்காது. சனி மாலை 6 மணிக்கும் திங்கள் காலை 6 மணிக்கும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். (பேனல் அறைக்குள் நீங்கள் போக வேண்டாம்.) பெரிய இணைப்புகளில் வித்தியாசத்தை மல்டிபிளையிங் ஃபேக்டரால் (அந்த மீட்டருக்கென்று உள்ள பெருக்கல் எண்) பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும். இதை மறந்து முதல்வரிடம் போய் அசடு வழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டிக் கிடந்த 36 மணி நேரத்தில் ஓடிய கணக்கு அது. தேடினால் வாட்டர் கூலர், கம்ப்யூட்டர் லேப் ஏ.சி., தொட்டி நிரம்பி வழிந்தும் நிற்காத மோட்டார் என்று ஏதாவது அகப்படும்.

அகப்பட்டதை நீங்களே அணைத்துவிடாதீர்கள். ஒரு கல்லூரியில் ஆர்வக்கோளாறில் ஆய்வக ஃப்ரீசரையும் சேர்த்து அணைத்ததில், ஆராய்ச்சி மாணவி ஒருவரின் சாம்பிள்கள் மொத்தமும் வீணாயின. தொடவே கூடாதவை எவை என்று லேப் அசிஸ்டெண்டிடம் எழுதி வாங்குங்கள்.

கூட்டம் சேர்க்க வேண்டாம். வகுப்புக்கு ஒருவர், வாரம் ஒருவராக முறை வைத்தால் போதும். மதிய எண்ணிக்கையைத் துறைவாரியாக நோட்டீஸ் போர்டில் போடுங்கள். வேதியியலுக்கும் வணிகவியலுக்கும் போட்டி தானாக வரும். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு பழையதில் பாதிக்கும் குறைவாகக் கரண்ட் இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கப் போக வேண்டும் என்று முதல்வரிடம் முன்பே பேசிவையுங்கள். முதல் இரண்டை நூலகத்தில் மாட்டச் சொல்லுங்கள். எல்லார் கண்ணிலும் படும்.