மார்வெல் யார் பக்கம்?

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல், பழைய ரோமானியக் கவிஞர் ஹோரஸின் லத்தீன் பாட்டைத் தழுவி முதலில் சார்ல்ஸ் மன்னரைப் பாடினார், மன்னரின் தலை போனதும் அதே ஹோரஸைத் தழுவி, மன்னரை எதிர்த்து வென்ற படைத்தலைவர் கிராம்வெல்லைப் பாடினார். இரவல் வரிகளோடு காற்றடித்த பக்கம் சாய்ந்தவரை அரசியல் கவிஞர் என்று எப்படி ஏற்பது?

பதில்: இரண்டு பாட்டுகளையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். 1637-இல் மன்னருக்குக் குழந்தை பிறந்ததைக் கொண்டாடி கேம்பிரிட்ஜ் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது ஒரு மாணவரின் லத்தீன் பயிற்சி. பேரரசர் அகஸ்டஸின் காலத்து ரோமைப் பார்த்து ஹோரஸ் 'பனியும் ஆலங்கட்டியும் போதும்' என்று தொடங்கிய இடத்தில் 'கொள்ளைநோய் போதும்' என்று சொல்லை மாற்றி வைத்தது அது. அதற்காக நான் வாதாடவில்லை.

கிராம்வெல் அயர்லாந்திலிருந்து திரும்பிய 1650-இல் எழுதிய பாட்டு வேறு. பிலிப்பி போரில் அகஸ்டஸுக்கு எதிராகப் புரூட்டஸ் பக்கம் நின்று தோற்ற ஹோரஸ், பின்னாளில் அகஸ்டஸின் வெற்றியைப் பாடும்போது, குடித்துக் கொண்டாடுங்கள் என்று தொடங்கினாலும், ரோமின் வெற்றி ஊர்வலத்தில் இழுத்துச் செல்லப்பட மறுத்து, நச்சுப் பாம்புகளை அஞ்சாமல் கையிலெடுத்த கிளியோபாட்ராவின் பெருமிதத்தில்தான் முடித்தார். தோற்றவருக்குக் கொடுத்த அந்த இடத்தைத்தான் மார்வெல் எடுத்துக்கொண்டார். கிராம்வெல்லைப் பாடும் கவிதையின் நட்டநடுவே 1649 ஜனவரி 30-ஆம் நாளின் கொலைமேடை வருகிறது: மன்னர் அங்கே இழிவாக எதுவும் செய்யவில்லை, கோடரியின் கூர்மையை அதனினும் கூரிய கண்ணால் அளந்தார், தெய்வங்களைக் கூவி அழைக்காமல், படுக்கையில் சாய்வதுபோல் தலையைச் சாய்த்தார். அரசின் பழைய உரிமைகளைச் சொல்லி நீதி முறையிட்டும் பயனில்லை, மனிதரின் வலிமையைப் பொறுத்தே அவை நிற்கும் அல்லது முறியும் என்கிறார் மார்வெல். எந்த உபாயத்தால் அதிகாரம் வந்ததோ அதனாலேயே அதைக் காக்க வேண்டும் என்று முடிக்கிறார். வாளை உறையிலிட முடியாது என்று வென்றவனிடமே சொல்லும் இந்த வரி அவன் காதுக்கு இனித்திருக்குமா?

பரிசுக்காக எழுதினார் என்றால், அதை அச்சில் கொடுத்திருக்க வேண்டாமா? அவர் இறந்த பிறகு 1681-இல் வந்த தொகுப்பிலும், ஏறக்குறைய எல்லாப் படிகளிலிருந்தும் அந்தத் தாள்களை நீக்கிவிட்டார்கள். பரவலாக வாசகர் கைக்கு அது வந்தது 1776-இல்தான்.

கிராம்வெல் ஆட்சியின் முதலாண்டு நிறைவுக்கு எழுதி 1655-இல் அச்சான நீண்ட கவிதையில் பக்கச்சார்பு வெளிப்படையாகவே இருக்கிறது. உங்கள் குற்றச்சாட்டை அதன்மேல் வையுங்கள், ஏற்கிறேன். 1650-இன் பாட்டின்மேல் வைக்க இடமில்லை.